எல்லை தாண்டும் காரும் எல்லை தாண்டாத புத்தியும்

தினந்தோறும் பொழுது விடிந்ததும் திண்டிவனம், விழுப்புரம், வானூர், கோட்டக்குப்பம் முதலிய இடங்களிலிருந்து மோட்டார் கார்கள் வரிசை வரிசையாகப் புதுச்சேரியை நோக்கிப் புறப்படுகின்றன. உத்தியோகஸ்தர், ஆசிரியர், கணக்கர், ஆஸ்பத்திரி ஊழியர், கடைச் சிப்பந்தி என்று பலதரப்பட்டவர்களும் அவற்றில் போகின்றார்கள். தூங்குவது தமிழ்நாட்டில், சம்பாதிப்பது புதுச்சேரியில் என்பது இவர்களுடைய வாழ்க்கை. வயிற்றுப் பிழைப்புக்காக ஒரு சர்க்காரின் எல்லையைத் தாண்டி மற்றொரு சர்க்காரின் எல்லைக்குள் போவதை யாரும் குற்றமென்று சொல்ல முடியாது. ஆனால், காலையும் மாலையும் இவ்வளவு சுலபமாக எல்லையைத் தாண்டுகின்ற இந்தக் கார்களுக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் புத்தியானது, தங்கள் சொந்தத் தெருக்கோடியையாவது தாண்டியிருக்கின்றதா என்பதுதான் நமது கேள்வி.

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்சித்தாமூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நமது இயக்கத் தோழர்கள் கூட்டம் போட்டிருந்தார்கள். மாலை 4.30 மணிக்கு, ராகு காலம் பிறக்கும்போதே கூட்டமும் பிறந்தது. ஜாதி ஒழிப்பைப் பற்றி நாம் இரண்டு மணி நேரம் பேசினோம். ஜனங்களும் பொறுமையாகக் கேட்டார்கள். மேல்சித்தாமூர் என்பது திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடையிலே, தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கின்ற ஊராகும். உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவன் உண்டென்பதை ஒப்புக்கொள்ளாத மதத்திற்குப் பேர்போன பிரதேசமாயிற்றே, இங்கே நமக்கு வேலை குறைவாயிருக்கும் என்றுகூட எண்ணினோம். அது எவ்வளவு தப்பு என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை நமக்குப் புதுச்சேரியில் ஒரு காரியமிருந்தது. கூட்டத்திற்கு வந்திருந்த நண்பர் ஒருவர், "ஐயா, நாங்கள் நாலு பேர் கூட்டாகப் பெட்ரோல் போட்டுக்கொண்டு தினமும் என் காரில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறோம். நாளைக்கு ஒருவர் லீவு. அவர் இடத்தில் நீங்கள் வாருங்கள்" என்று அன்போடு அழைத்தார். நாமும் சம்மதித்தோம்.

காலை ஏழு மணிக்குக் காரைப் பார்த்தோம். முன்பக்கத்தில் மிளகாயும் எலுமிச்சம் பழமும் கோத்த கயிறு. பின்பக்கத்தில் கறுப்புக் கயிறு. கண்ணாடியில் மூன்று சாமிகள். உள்ளே ஓட்டுகிறவருக்கு முன்னால் இன்னொரு சாமி. வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வரக்கூடாதென்று அலைந்து திரிந்து வேறு எண் வாங்கியதாகவும் நண்பர் பெருமையோடு சொன்னார். இத்தனைப் பந்தோபஸ்துக்குப் பிறகும் அவருக்குத் தைரியம் வரவில்லை. "சீக்கிரம் ஏறுங்கள் ஐயா, 7.30-க்கு ராகு காலம் பிறந்துவிடும்" என்று அவசரப்படுத்தினார்.

"நாம் புதுச்சேரி போய்ச் சேர 8.45 ஆகுமே. வழியெல்லாம் ராகு காலம்தானே?" என்று கேட்டோம்.

"புறப்படுகிற நேரம்தான் ஐயா கணக்கு. வாசலைத் தாண்டிவிட்டால் பாதகமில்லை" என்றார்.

"அது சரி, திங்கட்கிழமை கிழக்கே சூலமாயிற்றே. நாம் கிழக்கேதானே போகிறோம்?"

"அதற்குத்தான் ஒரு கரண்டி தயிர் சாப்பிட்டுவிட்டேன்."

"திங்கட்கிழமைதோறும் சூலத்திற்காக லீவு போட்டுவிடுவதுதானே?"

"சம்பளத்தைப் பிடித்துவிடுவார்களே ஐயா!" என்று அவரே சிரித்துவிட்டார்.

தோழர்களே! இந்தக் கடைசிப் பதிலை நன்றாகக் கவனியுங்கள். சம்பளம் போகுமென்றால் சூலம் தயிரோடு சமாதானமாகிவிடுகிறது. ஆனால் பெண் பார்க்கப் போகும்போதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும், வீட்டுக்குக் கடைக்கால் போடும்போதும் மட்டும் அதே ராகுவுக்கும் சூலத்துக்கும் எங்கிருந்தோ பலம் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலமென்று பஞ்சாங்கக்காரன் எழுதியிருக்கிறான். அப்படியானால் விழுப்புரத்துக்காரன் எவனும் வெள்ளிக்கிழமை மாலை புதுச்சேரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பக்கூடாது. திரும்பாமலா இருக்கிறான்? வாரந்தோறும் ஆயிரக்கணக்கான பேர் திங்கட்கிழமை கிழக்குச் சூலத்தையும் வெள்ளிக்கிழமை மேற்குச் சூலத்தையும் மோதிக்கொண்டுதான் போய் வருகிறார்கள். பஞ்சாங்கம் பொய் என்பதற்கு இதைவிடப் பெரிய பரீட்சை வேறென்ன வேண்டும்?

இன்னொரு விஷயமும் உண்டு. திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்று காலண்டரில் அச்சடித்திருக்கிறதே, அது எந்தக் கடிகாரத்தின்படி? இன்று நம் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் 1906-ஆம் வருஷத்தில் வெள்ளைக்கார சர்க்கார் இந்தியா முழுமைக்கும் ஏற்படுத்திய பொது நேரத்தைக் காட்டுவது. அது வடக்கே மிர்ஜாப்பூர்ப் பக்கமாய்ப் போகும் எண்பத்திரண்டரைப் பாகை ரேகையின் நேரம். விழுப்புரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது அந்த ரேகையைவிட ஏறக்குறைய 12 நிமிஷம் பிந்தியாகும். யுத்த காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, சர்க்கார் உத்தரவினால் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அப்போது ராகுவும் சர்க்கார் உத்தரவைப் படித்துவிட்டு ஒரு மணி முன்னதாகப் புறப்பட்டாரா? வெள்ளைக்காரன் வைத்த மணிக்கு அடங்கி நடக்கும் கிரகத்துக்கா நாம் பயப்படுவது?

நிற்க. நண்பருடைய காரில் சீட் பெல்ட்டைப் போடாவிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்குமாம். அந்தச் சத்தம் தொந்தரவாயிருக்கிறதென்று கடையில் ஒரு கொக்கி வாங்கி அந்த ஓட்டையில் செருகி மணியின் வாயை அடைத்து வைத்திருந்தார். காரைச் செய்தவன் மனிதனுடைய உயிரைக் காப்பாற்ற வேண்டுமென்று புத்தியைச் செலவழித்து வைத்தது அந்த மணி. நம்மவர் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டு எலுமிச்சம் பழத்தைக் காவல் வைக்கிறார். மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மாத்திரம் 17,884 பேர். இந்தியா முழுவதிலும் சீட் பெல்ட் போடாமல் மாண்டவர்கள் 16,715 பேர், ஹெல்மெட் போடாமல் மாண்டவர்கள் 50,029 பேர் என்று அதே கணக்கு சொல்கிறது. மொத்தச் சாவில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டது அதிவேகத்தினால் ஏற்பட்டது. ராகு காலத்தினால் இத்தனை பேர், கண் திருஷ்டியினால் இத்தனை பேர் என்று அந்தக் கணக்கில் ஒரு பத்திகூட இல்லை. ஆயுத பூஜையன்று நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயில் சறுக்கி விழுகிற சைக்கிள்காரனையும் மோட்டார் சைக்கிள்காரனையும் கேட்டால், திருஷ்டி யாருக்குக் கழிந்து யாருக்குப் பிடித்தது என்பதைச் சொல்லுவான். நாம் வற்புறுத்திய பிறகு நண்பர் அந்தக் கொக்கியைப் பிடுங்கிவிட்டுப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். இதுவரையில் நமக்குத் திருப்திதான்.

ஆனால் இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

ஊரைத் தாண்டியதும் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வாலிபர் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தார். கார் அவரைக் கடந்து சென்றது. "தெரிந்தவரா?" என்று கேட்டோம். "என்னோடு பத்தாவது வரை படித்தவன்தான். புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான்" என்றார் நண்பர். "காரில்தான் ஓர் இடம் காலியாக இருக்கிறதே, ஏற்றிக்கொள்ளக்கூடாதா?" என்றோம். காருக்குள் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிட்டது. பிறகு பின்னாலிருந்தவர்களில் ஒருவர், "அவர் காலனிக்காரர் ஐயா. எங்களுக்கு ஒன்றுமில்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்" என்றார். அந்த ஐந்தாவது இடம் தினமும் காலியாகவே போய்க் காலியாகவே திரும்பி வருகிறதாம்.

காலியாக என்பது தவறு. அந்த இடத்தில் ஜாதி உட்கார்ந்து போகிறது. எலும்பும் சதையுமாய் இருக்கிற, கூடப் படித்த மனிதனுக்கு இல்லாத இடம், உருவமில்லாத ஜாதிக்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

நாமும் அந்தக் காரை விட்டு இறங்கவில்லை என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரம் மேடையில் முழங்கிய நாம், அவசரக் காரியத்தை நினைத்தும், அழைத்தவர் மனம் நோகுமே என்று எண்ணியும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊரார் பேச்சுக்கு அவர்கள் பயந்தார்கள், அவர்கள் முகத்திற்கு நாம் பயந்தோம். இரண்டும் ஒரே ஜாதிப் பயம்தான். அந்த வெட்கமே இதை எழுதும்படி செய்தது.

திண்டிவனம் வந்து, மொரட்டாண்டி டோல்கேட்டைத் தாண்டி, கோரிமேட்டை அடைந்தோம். எல்லை எங்கே என்று பார்த்தால் மலையுமில்லை, ஆறுமில்லை. கடைப் பலகைகளும் வண்டிகளின் எண் பலகைகளும்தான் மாறுகின்றன. டி.என். போய் பி.ஒய். வருகிறது. இந்தப் பிரதேசத்தில் புதுச்சேரி நிலம் ஒரே துண்டாகவும் இல்லை. தமிழ்நாட்டு நிலத்தின் நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. இந்தக் கோணல் எல்லையைப் போட்டது எந்தக் கடவுளுமல்ல. இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டையிட்டு, 1814-இல் பாரிஸ் நகரத்தில் உடன்படிக்கை செய்துகொண்டதன் பயன் இது. பிறகு 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் ஜனப்பிரதிநிதிகள் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டபோது, 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டுமென்றார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறிற்று. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் சேர்ந்தது. வெள்ளைக்கார ராஜ்யங்கள் இரண்டு போட்ட எல்லையே மனிதர்களின் ஓட்டினால் மாறிவிட்டதென்றால், ஊருக்கும் காலனிக்கும் நடுவே போட்டிருக்கும் எல்லை மட்டும் ஏன் மாறாது?

மத்தியானம் நண்பர் நம்மை ஒரு ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். அங்கே அதே வாலிபர் இருந்தார். நண்பரைக் கண்டதும் எழுந்து வந்து எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்தார். இருவரும் வாடா போடா என்று பேசிக்கொண்டார்கள். ஒரே பாத்திரத்துக் குழம்பை இருவரும் ஊற்றிக்கொண்டார்கள். "இன்றைக்கு பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து வருவதற்குள் நேரமாகி அரை நாள் சம்பளம் போயிற்று" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நண்பர் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

இதற்கு என்ன அர்த்தம்? புதுச்சேரியில் ஜாதி இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. அங்கும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் இந்த நண்பருடைய ஜாதி காலையில் அவரோடு காரில் வந்து கோரிமேட்டில் இறங்கிக்கொள்கிறது. பகல் முழுவதும் அவர் மனிதராயிருக்கிறார். மாலையில் அதே கோரிமேட்டில் அது மறுபடி ஏறிக்கொண்டு ஊருக்கு வருகிறது. ஜாதி பிறவியில் வந்தது, ரத்தத்தில் ஊறியது என்பது உண்மையானால் அது எல்லையில் இறங்கி ஏறுமா? ஆகவே அது ரத்தத்திலும் இல்லை, சாஸ்திரத்திலும் இல்லை, அடுத்த வீட்டுக்காரனுடைய கண்ணில் இருக்கிறது. சம்பளத்துக்குப் பயந்து ராகுவை விட்டவர், அடுத்த வீட்டுக்காரனுக்குப் பயந்து ஜாதியை வைத்திருக்கிறார். இரண்டிலும் நம்பிக்கை என்பது பேருக்குக்கூடக் கிடையாது.

நிற்க. நம் நாட்டில் மோட்டார் பஸ் வந்த புதிதில் ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டோமென்று பஸ் முதலாளிகள் மறுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்தரவு போட்டார். மறுத்த முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். அவரே 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடக்கூடாதென்று தீர்மானித்த மகாநாடு அது. திண்டிவனத்துக் கார்கள் சென்னைக்குப் போகும் அதே பெரிய ரோட்டில்தான் செங்கற்பட்டும் இருக்கிறது. அப்படிப் பாடுபட்டு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட ஜாதியை, இன்று நம்மவர்கள் கடன் வாங்கிக் கார் வாங்கி, அதில் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டு போகிறார்கள். அக்கிரகாரத்துக்குள் நம்மை விடவில்லையே என்று பார்ப்பனர் மீது நாம் பட்ட ஆத்திரம் நியாயமானது. ஆனால் நாமே சக்கரம் வைத்த அக்கிரகாரம் ஒன்றைச் செய்து ஓட்டினால், அந்த ஆத்திரத்துக்கு யோக்கியதை ஏது?

நியாயம் பிடிக்காதவர்களுக்குக் கணக்காவது பிடிக்குமா என்று பார்ப்போம். போகவர தினம் 120 கிலோ மீட்டர். லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடுமானால் 8 லிட்டர் பெட்ரோல். லிட்டர் சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தினம் 800 ரூபாய். மாதம் 25 நாளைக்கு 20,000 ரூபாய். நாலு பேர் பங்கிட்டால் தலைக்கு 5,000. ஐந்து பேர் பங்கிட்டால் தலைக்கு 4,000. ஆகவே அந்த ஐந்தாவது இடத்தில் ஜாதியை உட்கார வைத்திருப்பதற்காக இவர்கள் ஒவ்வொருவரும் மாதம் 1,000 ரூபாயும் வருஷத்துக்கு 12,000 ரூபாயும் வரி கட்டுகிறார்கள். நாலு பேருமாய்க் கட்டுவது வருஷம் 48,000 ரூபாய். புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு என்பதற்காக எல்லை தாண்டும் வரை டாங்கியைக் காலியாக வைத்திருந்து அங்கே நிரப்பிக்கொள்கிற கெட்டிக்காரர்கள் இவர்கள்! சர்க்கார் இதில் பாதி வரி போட்டிருந்தால் கறுப்புக்கொடி பிடித்திருப்பார்கள்.

இது ஒரு புறமிருக்க, காரில்லாதவனுடைய கதி என்ன? விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 முதல் ரயில் பாதை இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு நேர் ரயில் பாதை கிடையாது. ரயிலில்தான் போவேன் என்பவன் விழுப்புரம் போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போடுவதாகப் பல வருஷங்களுக்கு முன் அறிவித்த பாதையில் இன்னும் ரயில் ஓடவில்லை. உள்ளூர்களில் காலையில் ஒரு பஸ் தவறினால் அரை நாள் கூலி போய்விடுகிறது. 1936 ஜூலை 30-இல் புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக்கு இரையானார்கள். எட்டு மணி நேர வேலை என்பது அவர்களைப் போன்றவர்கள் உயிர் கொடுத்து வாங்கிய உரிமை. இன்று அந்த எட்டு மணியோடு ரோட்டில் மூன்று மணியையும் சேர்த்துப் பதினொரு மணியாக்கிக்கொண்டு, "எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள். தலையெழுத்தல்ல. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் ஒரு சர்க்கார். வேலைக்குப் போகிறவன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து பேசி, வேலை நேரத்துக்குப் பொருத்தமாகக் காலையும் மாலையும் கிராமங்கள் வழியாக எல்லை தாண்டும் பஸ்களை விடும்படி, காரில் போகிறவனும் பஸ்ஸுக்கு நிற்கிறவனும் சேர்ந்து கேட்க வேண்டும். சேர்ந்து கேட்பதற்கு முதலில் சேர்ந்து உட்காரத் தெரிய வேண்டாமா? ஒரே காரில் உட்கார மாட்டாதவர்கள் ஒரே மனுவில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள்?

அன்று மாலை நாம் நண்பருடைய காரில் திரும்பவில்லை. அந்த வாலிபரோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். காலையில் செய்யாததை மாலையில் செய்ததற்காக நாம் பெருமை கொள்ளவில்லை.

ஆகவே, கார் வைத்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். எலுமிச்சம் பழத்தை அறுத்து ரசம் வையுங்கள். பெல்ட்டைப் போடுங்கள். வேகத்தைக் குறையுங்கள். நாளைக் காலையில் பஸ் நிற்கும் இடத்தில் காரை நிறுத்தி, அந்தக் காலியிடத்துக் கதவைத் திறந்துவிடுங்கள். ஊரில் நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும். ராகு காலத்தில் வாரந்தோறும் போய் வந்து ஒன்றும் ஆகாதது போல, இதனாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் பேசுவார்கள், இரண்டாவது மாதம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மூன்றாவது மாதம் தங்கள் காரிலும் யாரை ஏற்றலாமென்று யோசிப்பார்கள். பஸ்ஸில் நடந்தது காரிலும் நடக்கும். ஆனால் காருக்கு லைசென்ஸ் உத்தரவு போட ஜில்லா போர்டு தலைவர் எவரும் வரமாட்டார். அந்த உத்தரவை நாமேதான் நமக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.